மலைவீட்டுப் புல்தரையில் ரோபோ மோவர்: சரிவை அளப்பது முதல் மழைக்காலம் கடப்பது வரை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளின் புல்தரை பெரும்பாலும் கிக்குயூ புல்தான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்த இந்தப் புல்லுக்கு நம் மலையின் குளிரும் ஈரமும் அப்படியே பொருந்திவிட்டன. மண்ணுக்கு மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள் வேர்த்தண்டு என்று இரண்டு வழியிலும் பரவும். மழைக்காலத்தில் பத்து நாள் விட்டால் கணுக்கால் மறைந்துவிடும். பேட்டரியில் தானாக ஓடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நுனியைக் கத்தரிக்கும் ரோபோ மோவர் இந்தப் புல்லுக்கு மிகவும் ஏற்ற கருவி. வெட்டுத்துண்டுகள் சில மில்லிமீட்டர் நீளமே இருப்பதால் புல்லுக்குள்ளேயே விழுந்து மட்கி உரமாகின்றன, வாரிக் கொட்டும் வேலை இல்லை.

ஆனால் அதோடு வரும் கையேடு சமதளத்தையும் மிதமான மழையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மலையில் இந்தக் கருவி நன்றாக ஓடுமா என்பதைத் தரைதான் முடிவுசெய்கிறது. சரிவு, வடிகால், பள்ளம், வேர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் விலை கூடிய மாடலை இறக்கினாலும் ஜூலையில் அது சேற்றில்தான் நிற்கும். அதனால் கடைக்குப் போகும் முன் தரையைப் பாருங்கள்.

சரிவை அளக்கும் முறை

கண்ணால் பார்த்துச் சரிவைச் சொல்ல முடியாது. நேரான ஒரு மீட்டர் மரச்சட்டம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டேப் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கம் தரையில் வையுங்கள். மறுமுனையை ரசமட்டத்தில் குமிழி நடுவே நிற்கும்வரை உயர்த்துங்கள். அந்த முனைக்குக் கீழே தரைவரை எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம் சரிவு. 25 செ.மீ. என்றால் 25 சதவீதம்.

சில நிறுவனங்கள் சதவீதத்திலும் சில பாகையிலும் சொல்வதால் குழப்பம் வரும். 20 சதவீதம் சுமார் 11 பாகை, 35 சதவீதம் சுமார் 19 பாகை, 45 சதவீதம் சுமார் 24 பாகை, 70 சதவீதம் சுமார் 35 பாகை. சாதாரண இரண்டு சக்கர இயக்க மாடல்களில் நல்லவை 35 முதல் 45 சதவீதம் வரை ஏறும் என்று போட்டிருப்பார்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ளவற்றில் 70 சதவீதம் வரை சொல்லப்படும் மாடல்கள் உண்டு.

அந்த எண்ணில் இரண்டு விஷயம் மறைந்திருக்கிறது. ஒன்று, அது புல்தரையின் நடுப்பகுதிக்கானது. எல்லை ஓரத்தில் வண்டி திரும்ப வேண்டும், திரும்பும்போதுதான் வழுக்கும். அதனால் புல்தரையைச் சுற்றி வயர் பதித்து ஓட்டும் எல்லை வயர் மாடல்கள் பலவற்றின் கையேட்டில் ஓரச் சரிவுக்கு 15 சதவீதம்தான் வரம்பு. மற்றொன்று, அது உலர்ந்த தரையில் சொன்ன கணக்கு. நனைந்த கிக்குயூ மெத்தை போல அமுங்கும், இலையும் வழுவழுப்பானது. சக்கரம் ஒருமுறை சுழன்று புல்லைப் பிய்த்தால் அந்த இடத்தில் மண் தெரியும். அடுத்த முறை அதே இடத்தில் இன்னும் அதிகமாக வழுக்கும். எனவே இரண்டு சக்கர மாடல் வாங்குவதானால் உங்கள் தரையின் மோசமான சரிவு 25 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 25 முதல் 45 வரை இருந்தால் நான்கு சக்கர இயக்கமே சரி. அதற்கும் மேல் செங்குத்தான துண்டுகளைப் புல்தரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு ஹைட்ரேஞ்சியா, அகபாந்தஸ் நட்டுவிடுங்கள். இரண்டும் இந்த மலையில் நன்றாக வருபவை, மண்ணையும் பிடித்துவைக்கும். அந்தச் சரிவில் கையால் புல் வெட்டுவதும் ஆபத்தான வேலைதான்.

எத்தனை சென்ட், எந்த அளவு வண்டி

பெட்டியில் "1000 சதுர மீட்டர்" என்று இருந்தால், அது எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு என்று கேளுங்கள். பல மாடல்களில் அது இரவு பகலாக 24 மணி நேரமும் வெட்டி, சார்ஜ் ஏறி, மறுபடி வெட்டும் கணக்கு. மலையில் இரவில் ஓட்டக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது. காலைப் பனி காய்ந்து, மாலை மஞ்சு இறங்கும் முன் நமக்குக் கிடைப்பது சுமார் 6 மணி நேரம்.

ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 8 சென்ட் புல்தரை என்றால் சுமார் 324 சதுர மீட்டர். 24 மணி நேரக் கணக்கில் சொன்ன வண்டியை 6 மணி நேரம் மட்டும் ஓட்டினால் கால் பங்கு வேலைதான் நடக்கும். எனவே 324-ஐ நான்கால் பெருக்கினால் 1296. மழையால் இழக்கும் நாட்களுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 1500 சதுர மீட்டர் வண்டி தேவை. கடையில் "எட்டு சென்ட்டுக்குச் சின்ன வண்டி போதும் சார்" என்பார்கள். ஜனவரியில் போதும், ஜூலையில் போதாது.

எல்லை வயரா, செயற்கைக்கோளா, கேமராவா

எல்லை வயர் முறையில் புல்தரையைச் சுற்றி மெல்லிய செப்பு வயர் ஒரு வளையமாக ஓடும். சார்ஜிங் ஸ்டேஷன் அதில் குறைந்த மின்னழுத்த சிக்னல் அனுப்பும், வண்டி அதை உணர்ந்து திரும்பும். பதிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். மரநிழல், மஞ்சு, சுவர் எதுவும் அதைப் பாதிக்காது.

ஆர்டிகே முறையில் வயர் கிடையாது. வீட்டில் பொருத்தும் ஆன்டெனாவும் வண்டியும் செயற்கைக்கோள் சிக்னலை ஒப்பிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கணிக்கும். இதற்கு வானம் திறந்திருக்க வேண்டும். சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சைப்ரஸ் வரிசைகளின் கீழும், உயரமான தடுப்புச் சுவரின் அடியிலும் துல்லியம் போய்விடும். புல்தரையின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பாதிக்கு மேல் இலையாகத் தெரிந்தால் இந்த வகை வேண்டாம்.

கேமராவை மட்டும் நம்பும் மாடல்கள் மலைக்குப் பொருத்தமில்லை. மஞ்சு இறங்கும்போது எதிரே எதுவும் தெரியாது, லென்ஸில் நீர் படியும், வண்டி நின்றுவிடும். லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வகைக்கும் அடர்ந்த மஞ்சு தொல்லைதான். செயற்கைக்கோள் சிக்னலையும் வயர் சிக்னலையும் மஞ்சு தடுப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் வண்டியில் கவனம் வேண்டும். அமெரிக்க மாடலின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம், நம் 230 வோல்ட்டில் சொருகியதும் எரிந்துவிடும். ஆன்டெனா ரேடியோ அங்கே 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். இங்கே உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவிகளுக்கு அனுமதி உள்ளது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். எந்த மாடலாக இருந்தாலும் பிளேடு, சக்கர மோட்டார், பேட்டரி எங்கே கிடைக்கும், பழுதானால் யார் மலையேறி வருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோயம்புத்தூருக்கு வண்டியை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்றால் அதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

இனி வருவதில் பெரும்பகுதி எல்லை வயர் முறைக்கானது. மரம் சூழ்ந்த பழைய மலைவீடுகளுக்கு இன்றும் அதுதான் நம்பகமானது.

தரையைத் தயார் செய்தல்

முதல் வேலை நீரை விலக்குவது. புல்தரையின் மேற்பக்கம், சரிவுக்குக் குறுக்கே ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். இந்த ஒரு வாய்க்கால் இருந்தால் மழை நின்ற இரண்டு மூன்று மணி நேரத்தில் தரை வண்டியைத் தாங்கும். இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சொதசொதவென்றுதான் இருக்கும். பக்கத்து வீட்டின் மேலோ, தடுப்புச் சுவரின் பின்புறமோ அந்த நீரை விடாதீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர்தான் மண்சரிவுக்கு வழிசெய்கிறது.

பிறகு பள்ளங்கள். மாட்டுக் குளம்பு பதிந்த குழி, பெருச்சாளி வளை, பழைய மரக்குற்றி அழுகிய இடம் எல்லாவற்றையும் சலித்த மண், மணல், மட்கிய எரு சமபாகம் கலந்து நிரப்பி மிதித்து இறுக்குங்கள். வண்டியின் முன்சக்கரம் சிறியது, 5 செ.மீ. ஆழக் குழியே அதைப் பிடித்துக்கொள்ளும். தரைக்கு மேலே தெரியும் வேர்களைக் குறித்துவையுங்கள்.

வண்டி இறங்கும் நாளில் புல் உயரம் 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், 6 செ.மீ. இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்து கிடக்கும் கிக்குயூவை ரோபோவிடம் கொடுத்தால் பிளேடு சுற்றாது, பேட்டரி அரை மணியில் தீரும். முதலில் பிரஷ் கட்டர், அடுத்து சாதாரண லான் மோவர், அதன் பிறகே இது. வெட்டிய புல்லை அந்த முதல் தடவை மட்டும் வாரி அகற்றிவிடுங்கள்.

ஸ்டேஷனும் மின்சாரமும்

சார்ஜிங் ஸ்டேஷன் சமதளத்தில் இருக்க வேண்டும். எதிரே குறைந்தது 3 மீட்டர் நேரான, தடையில்லாத இடம் வேண்டும். முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்திருந்தால் வண்டி வந்து சொருகும்போது தொடுமுனைகள் பொருந்தாது. சரிவான மனையில் அதற்கென்று மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள். தோட்டத்தின் தாழ்ந்த மூலை வேண்டாம். மழைநீரும் அங்கேதான் தேங்கும், குளிர்காற்றும் இரவில் அங்கேதான் இறங்கி உறைபனியாகப் படியும். மேலே ஒரு சிறு கூரை போட்டால் வெயிலிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் காக்கும். ஆர்டிகே வண்டியானால் கூரை தகரமாக இருக்கக் கூடாது, பைபர் ஷீட் போடுங்கள்.

அடாப்டரைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல், நனையாத சுவரில் மாட்டுங்கள். வெளிப்புற பிளக் பாயிண்டுக்கு மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பாருங்கள். அடாப்டரிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் மெல்லிய கேபிளை வெட்டிச் சுருக்கவோ ஒட்டுப்போட்டு நீட்டவோ கூடாது. நீளம் போதாவிட்டால் நிறுவனத்தின் நீளமான கேபிளை வாங்குங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவதும், மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் எகிறுவதும் மலையில் வழக்கம். மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் வைப்பது வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு. அடாப்டர் லேபிளில் உள்ள வாட்டைப் பார்த்து, வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமானால் அந்த லைனிலேயே கொடுங்கள். மின்சாரம் போனால் எல்லை சிக்னலும் போகும், வண்டி சரிவின் நடுவிலேயே நின்றுவிடும். சிக்னல் திரும்பியதும் பல மாடல்கள் தாமாகவே தொடரும், சிலவற்றைக் கையால் துவக்க வேண்டும்.

வயர் பதித்தல்

வயர் ஓடும் தடத்தில் மட்டும் புல்லை மண் தெரியும் அளவுக்கு ஒட்ட வெட்டுங்கள். வயர் மண்ணோடு படிந்திருந்தால்தான் பிளேடு அதைத் தொடாது.

ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது எதிரே இருப்பதைப் பொறுத்தது. கருங்கல் சுவர், வேலிச் செடி, உயர்ந்த பாத்தி விளிம்பு என்றால் 30 முதல் 35 செ.மீ. புல்லோடு சமமாக இருக்கும் நடைபாதைக் கல் என்றால் 10 செ.மீ. போதும், வண்டி கல்மேல் ஏறித் திரும்பிக்கொள்ளும். ஓரத்துக்கு வெளியே 15 சதவீதத்துக்கு மேல் இறங்கும் சரிவு இருந்தால், அந்தச் சரிவு தொடங்கும் இடத்துக்கு 20 செ.மீ. முன்பாகவே சமதளத்தில் வயரை நிறுத்துங்கள். சரிவான புல்தரையின் கீழ் எல்லையில் நனைந்த நாளில் வண்டி வயரைத் தாண்டி வழுக்கும், எனவே அங்கே அரை மீட்டர் விடுவது மலைக்கு ஏற்றது.

தடுப்புச் சுவரின் மேல்விளிம்பு, ரோட்டுப் பக்கம், குளம் ஆகிய இடங்களில் வயரை மட்டும் நம்பக் கூடாது. குறைந்தது 15 செ.மீ. உயரமுள்ள கல் வரிசையோ மரச்சட்டமோ தடுப்பாக இருந்தே ஆக வேண்டும். தட்டுத் தட்டாக வெட்டிய மனையில் மேல்தட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ வண்டி கீழ்தட்டில் இருக்கும் ஒருவர்மேல் விழுவதை நினைத்துப் பார்த்து இந்தத் தடுப்பைக் கட்டுங்கள்.

வயரைத் தரையோடு பிடித்துவைக்கும் முளைகளை 75 செ.மீ.க்கு ஒன்று என்று கையேடு சொல்லும். மேடுபள்ளமான மலைத் தரையில் 40, 50 செ.மீ.க்கு ஒன்று அடியுங்கள். வளைவில் இன்னும் நெருக்கமாக. வயர் நேராக இருக்க வேண்டும், ஆனால் விறைப்பாக இழுக்கக் கூடாது. மண் நனைந்து உப்பும்போது விறைத்த வயர் ஒட்டில் அறும். மூலைகளைச் செங்கோணமாக மடக்காமல் வளைத்து விடுங்கள்.

பூப்பாத்தி போன்ற நடுத்தடைகளைச் சுற்றித் தீவு போட வேண்டும். வயரை ஓரத்திலிருந்து பாத்திவரை கொண்டுபோய், சுற்றி, வந்த வழியே திருப்பிக் கொண்டுவாருங்கள். போகும் வயரும் வரும் வயரும் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே முளைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டின் சிக்னலும் ஒன்றையொன்று அழித்து, வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும். இடைவெளி விட்டால் அதையும் எல்லையாக நினைத்து நின்றுவிடும். பாத்தியைச் சுற்றும் திசையையும் கையேட்டின் படத்தில் இருப்பதுபோலவே வைக்க வேண்டும், மாறினால் தீவு வேலைசெய்யாது. நல்ல தண்டுள்ள மரத்துக்குத் தீவு தேவையில்லை, வண்டி மோதித் திரும்பிக்கொள்ளும். வேர் மேலே தெரியும் மரத்துக்கு வேர் முடியும் இடம்வரை தீவு போடுங்கள்.

வழிகாட்டி வயர் என்பது புல்தரையின் நடுவே ஓடி வண்டியை ஸ்டேஷனுக்கு அழைத்துவரும் வயர். அதைச் செங்குத்தான சரிவில் சாய்வான கோணத்தில் இழுத்துக்கொண்டு போங்கள். அது எல்லை வயரோடு சேரும் இடத்தில், எல்லை வயரில் 20 செ.மீ. கூடுதலாக ஒரு சிறு கண்ணி விட்டுவைத்தால் பிறகு இணைப்பது எளிது.

ஒட்டுப்போடுவதில்தான் பலருக்கும் தோல்வி. இரண்டு முனையை முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழையோடு போய்விடும். உள்ளே ஜெல் நிரம்பிய கனெக்டரில் வயரைச் சீவாமல் முழுவதும் நுழைத்து, கட்டிங் பிளேயரால் பட்டன் முழுதும் இறங்கும்வரை அழுத்துங்கள். மிஞ்சிய வயரைச் சுருட்டி ஸ்டேஷன் பின்னால் வைக்காதீர்கள், அந்தச் சுருள் சிக்னலைக் குலைக்கும். அளந்து வெட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் இதே கருவி இருந்தால் இரண்டு வளையத்துக்கும் நடுவே ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் படம் வரையுங்கள். சுவர் மூலையிலிருந்து வயர் எத்தனை மீட்டர், ஒட்டுகள் எங்கே, தீவுகள் எங்கே என்று டேப் வைத்து அளந்து குறியுங்கள். ஒரு மாதத்துக்குள் கிக்குயூ வயரை மூடி மறைத்துவிடும். ரோஜா நட மம்முட்டி போடுபவருக்கு அந்தத் தாள்தான் துணை.

முதல் மூன்று வாரம்

வெட்டு உயரத்தை அதிகபட்சத்தில், பெரும்பாலான மாடல்களில் 6 செ.மீ., வைத்துத் துவக்குங்கள். புதிதாகப் பதித்த வயர் மேலாகவே கிடக்கும், வளைந்த முளை ஒன்று தூக்கிநின்றாலும் பிளேடு அறுத்துவிடும். வயர் புல்லுக்குள் அமிழ்ந்த பிறகு வாரத்துக்கு அரை சென்டிமீட்டராக இறக்கி 4, 5 செ.மீ.யில் நிறுத்துங்கள். கிக்குயூவை 3 செ.மீ.க்குக் கீழே இறக்கினால் பச்சை இலை போய், கீழே உள்ள பழுப்புத் தண்டு தெரியும். மெத்தையாக உப்பிய இடத்தில் சக்கரம் அமுங்கி வண்டி தாழ்வதால் அங்கே மொட்டையடித்ததுபோல் ஆகும்.

முதல் வாரம் வண்டி ஓடும்போது கூடவே இருந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை நின்றால் அங்கே ஒரு குச்சி நட்டு, தரையைச் சரிசெய்யுங்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பும் தடம் ஒரே கோடாக விழுந்து பள்ளமாகும். வழித்தட அகலத்தை மாற்றும் வசதி எல்லா நல்ல மாடலிலும் உண்டு, அதை அகலமாக வையுங்கள். நேர்க்கோட்டில் வெட்டும் ஆர்டிகே வண்டிக்குச் சரிவில் மேலும் கீழுமான திசை நல்லது. குறுக்கே ஓடினால் பக்கவாட்டில் சறுக்கிக் கோடு விலகும்.

சுவரோரம் ஒரு சாண் அகலப் புல் எப்படியும் மிஞ்சும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையால் வெட்டித்தான் ஆக வேண்டும். தோட்டக்காரருக்கு வேலை போய்விடாது. அவருக்குத்தான் இந்தக் கருவியை முதலில் பழக்க வேண்டும்: நிறுத்தும் சிவப்புப் பொத்தான், பின் நம்பர், மெயின் சுவிட்ச், தூக்கும் கைப்பிடி.

மழை

ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கடுமை. உங்கள் இடத்தின் மழை மாதத்துக்கு முன்பே பிளேடு மாற்றி, வாய்க்கால் தூர்வாரி வையுங்கள்.

மழை உணரி வண்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பும். மழை நின்று 3 மணி நேரம் கழித்துப் புறப்படும்படி வைப்பதே பொது வழக்கம். வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருந்தால் வண்டி புறப்படவே செய்யாது, புல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். அப்போது உணரியை அணைத்துவிட்டு, தூறல் மெலிந்த நண்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் நீங்களே கையால் துவக்கி ஓட்டுங்கள். உயரத்தை 6 செ.மீ.க்கு ஏற்றிவிடுங்கள். சரிவான பகுதியைத் தனி மண்டலமாகப் பிரிக்க முடிந்தால் அதை நிறுத்திவைத்து, சமதளத்தை மட்டும் வெட்டுங்கள். தரையை அழுத்தினால் ஷூ தடத்தில் நீர் ஊறுகிறதா? அன்று ஓட்டவே வேண்டாம். ஒரு நாள் சேற்றுத் தடம் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆகும்.

ஈரக் கிக்குயூவின் சாறு வண்டியின் அடிப்பக்கத்தில் பச்சைப் பாளமாக ஒட்டி, காய்ந்து கல்லாகும். பிளேடு பொருத்திய தட்டு சுற்றத் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும், வெட்டு கந்தலாகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, கையுறை போட்டு, வண்டியைக் கவிழ்த்து மரத்துண்டால் சுரண்டுங்கள். சக்கரப் பற்களில் உள்ள சேற்றையும் எடுங்கள், வழுக்கலில் பாதி அதனால்தான். உயர் அழுத்த நீர் அடிக்கவே கூடாது.

ஏப்ரல், மே மாதக் கோடை இடியும் அக்டோபர் இடியும் மலையில் பலமானவை. நூற்றுக்கணக்கான மீட்டர் வயர் வளையம் மின்னலின் தூண்டுமின்சாரத்தை ஏந்தி ஸ்டேஷன் போர்டைக் கருக்கிவிடும். இடி கேட்கத் தொடங்கும் முன்பே அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், எல்லை வயரின் இரு முனையையும் வழிகாட்டி வயரையும் ஸ்டேஷனிலிருந்து பிடுங்குங்கள். முனைகளில் இடது, வலது என்று பெயிண்ட் அடையாளம் இருந்தால் திரும்பச் சொருக அரை நிமிடம்.

உறைபனி

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளத்தாக்குகளிலும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்வான இடங்களிலும் புல் வெள்ளையாக விடியும். உறைந்த புல்லின் மேல் சக்கரம் ஏறினால் இலையின் செல்கள் நொறுங்கி, தடம் தடமாகக் கருகும். காலை பத்தரைக்கு மேல், பனி உருகிக் காய்ந்த பிறகு ஓட்டுங்கள். புல் வளர்ச்சியும் மந்தமாக இருப்பதால் வாரம் இரண்டு நாள் போதும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பல வண்டிகள் தாமாகவே மறுத்துவிடும், இருந்தாலும் அந்த மாதங்களில் இரவில் வண்டியை வீட்டுக்குள் எடுத்துவைப்பது நல்லது.

காட்டுமாடும் மற்றவையும்

வெட்டிய இளம்புல்லுக்குக் காட்டுமாடு வரும். மாலை மயங்கியதும் வந்து விடியும்வரை மேயும். வண்டி மாலை நான்கரைக்குள் ஸ்டேஷனில் அடங்கிவிட வேண்டும். மாடு நிற்கும்போது வண்டி வெளியே மாட்டிக்கொண்டால் மீட்கப் போகாதீர்கள். அது மிதிபட்டாலும் பரவாயில்லை, காட்டுமாட்டின் அருகே போனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். குளம்படி படும் தடத்திலும், காட்டுப்பன்றி புழுவுக்காகக் கிளறும் இடத்திலும் வயரை மேலே முளையடிக்காமல், மண்வெட்டியால் கீறல் போட்டு 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். 20 செ.மீ.க்கு மேல் போனால் சிக்னல் எட்டாது.

இரவில் ஓட்டாமல் இருப்பதற்கு மாடு மட்டும் காரணமில்லை. மழை இரவுகளில் தவளைகள் புல்லுக்கு வரும். அவற்றைக் கண்டு விலகும் அறிவு இந்தக் கருவிக்கு இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் வாழும் மலை இது, பகலில் மட்டும் ஓட்டுவது நம்மால் செய்யக்கூடிய சிறு மரியாதை. குழந்தைகளையும் நாயையும் ஓட்ட நேரத்தில் புல்லில் விடாதீர்கள். தூக்கினால் பிளேடு நிற்கும் உணரி இருந்தாலும், புல்லில் படுத்திருக்கும் சிறு கைக்கு அது பாதுகாப்பாகாது.

குரங்குகள் கூரையிலுள்ள ஆர்டிகே ஆன்டெனாவை ஆட்டி நகர்த்தும். அது பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் வண்டியின் வரைபடம் முழுவதும் பத்து சென்டிமீட்டர் நகரும், பூப்பாத்தி ஓரம் வெட்டுப்படும். ஆட்டினாலும் அசையாத இரும்புக் குழாயில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பேரி, பிளம்ஸ் பழக்காலத்தில் விழுந்த பழங்களைக் காலையில் பொறுக்கிவிடுங்கள். தட்டில் சிக்குவது ஒருபுறம், கரடியையும் அவை வீட்டுப் பக்கம் இழுக்கும்.

பிளேடும் பழுதும்

பெரும்பாலான வண்டிகளில் மூன்று சிறு பிளேடுகள் ஒரு தட்டில் தளர்வாகத் தொங்கும், எதிலாவது பட்டால் மடங்கிக்கொள்ளும். 4 முதல் 7 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுக்கணக்கு. கற்பூர மரக் காய் விழும் தோட்டத்தில் அதைவிடச் சீக்கிரம் முனை மழுங்கும். கற்பூரப் பட்டை நார் தட்டின் அச்சில் சுற்றிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள், திருகுகளையும் புதிதாகவே போடுங்கள். தேய்ந்த திருகு கழன்றால் பிளேடு பறக்கும். புல் நுனி வெண்மையாகக் காய்ந்து கந்தலாக இருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது என்று பொருள்.

"எல்லை சிக்னல் இல்லை" என்று வந்தால் முதலில் மின்சாரம், பிறகு ஸ்டேஷன் விளக்கு. அந்த விளக்கு, வயர் அறுந்ததாகக் காட்டினால், முழுத் தோட்டத்தையும் தோண்டாதீர்கள். வயர்களை ஸ்டேஷனிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (வயர் அறாமல் இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, வழிகாட்டி வயர் முனைக்கும் எல்லை வயரின் இடது முனைக்கும் ஒலி வருகிறதா பாருங்கள், அடுத்து வலது முனைக்கு. வழிகாட்டி வயர் வளையத்தை இரண்டாகப் பிரிப்பதால், ஒலி வராத பக்கத்தில்தான் அறுப்பு. அந்தப் பாதியில் ஒட்டுகளை முதலில் பாருங்கள், அடுத்து அண்மையில் குழி தோண்டிய இடம், பன்றி கிளறிய இடம், எலி வளை. இரண்டு பக்கமும் ஒலி வராவிட்டால் வழிகாட்டி வயரே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வண்டி ஸ்டேஷன்வரை வந்து சார்ஜ் ஏறாமல் தடுமாறினால் தொடுமுனைகளில் பாசியோ உரத்தூளோ இருக்கும். பொடி எமரித் தாளால் தேயுங்கள். யூரியாவும் டோலமைட்டும் போடும் நாளிலும் மறுநாளும் வண்டியை ஓட்டாதீர்கள். வெட்டிய புல்லே மட்கிச் சத்தாவதால் யூரியாவின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில் கோடைமழைக்கு முன், உப்பிய கிக்குயூ மெத்தையை வாரியால் கீறி எடுத்து, சலித்த மண் கலவையை ஒரு சென்டிமீட்டருக்குத் தூவுங்கள். கீறுவதற்கு முன், வயர் பதித்தபோது வரைந்த படத்தை எடுத்து வயர் தடத்தைச் சுண்ணாம்புத் தூளால் குறித்து, அதன் இருபுறமும் ஓரடி விட்டுவிடுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளிக்குப் போகிறவர்கள், ஆளில்லாத தோட்டத்தில் வண்டியை ஓட விட்டுப் போக வேண்டாம். முழு சார்ஜ் ஏற்றி, அடிப்பக்கம் சுத்தம் செய்து, மெயின் சுவிட்சை அணைத்து, நான்கு சக்கரமும் தரையில் படும்படி உலர்ந்த அறைக்குள் வையுங்கள். அடாப்டரைக் கழற்றி, வயர் முனைகளில் கிரீஸ் தடவி சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடுங்கள். திரும்பி வரும்போது புல் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் மறுபடி பிரஷ் கட்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.